இறங்காமல் வந்த சைக்கிள்

காஞ்சிபுரம் பஸ் நிலையத்தை ஒட்டி இருந்த ஒரு சைக்கிள் ஸ்டாண்டை நான் ஐந்து வருஷம் நடத்தினேன். அறுபதுகளின் கடைசியில் தொடங்கி எழுபதுகளுக்குள் கொஞ்சம் போயிற்று. அந்த ஐந்து வருஷமும் எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இன்றும் தெரியாது.

ஸ்டாண்டின் நகராட்சிக் குத்தகை என் கணவர் பெயரில்தான் இருந்தது. எடுத்த மூன்றாம் மாதமே, லாரியில் மூட்டை இறக்கப் போன இடத்தில் அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். கஞ்சியும் தண்ணீரும் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, விடிந்ததும் நான் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். பொம்பளை சைக்கிள் ஸ்டாண்டில் உட்காருகிறாளே என்று முதல் மாதம் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பழகிப்போயிற்று. மூங்கில் கால்களும் கூரையும் போட்ட கொட்டகை. மூன்று வரிசையாக எழுபது எண்பது வண்டி நிற்கும். ஒரே எண் போட்ட தகர வில்லை இரண்டு இருக்கும். ஒன்றை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு மற்றதை ஆள் கையில் கொடுப்பேன். பெயர் எழுதும் வழக்கம் கிடையாது. வில்லை வந்தால் வண்டி போகும்.

பெயர் தெரியாததால்தானோ என்னவோ, வண்டியைப் பார்த்தே ஆளைப் புரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. நெசவாளிகளின் வண்டிகளில் செயின் மேல் கிழிந்த வேட்டித் துணியைச் சுற்றியிருப்பார்கள். கேரியரில் ஒரு பலகை கட்டியிருக்கும். அதில் தறிக்கான பட்டு நூல் பாவு போகும் என்பதால், ஒரு சொட்டு கிரீஸ்கூட அதன் மேல் தெறித்துவிடக் கூடாது. அந்த ஆட்களும் அப்படித்தான், எதையும் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வார்கள். வரதர் கோயில் மடப்பள்ளியில் வேலை செய்த ஒருவருடைய வண்டி ஹேண்டிலில் எறும்பு ஏறும், அத்தனை நெய். அவருக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஏறிப் போவார். காலேஜ் போகிற ஒரு பிள்ளை சக்கரக் கம்பியெல்லாம் கலர் மணி கோத்து, அச்சில் கம்பளிப் பூ கட்டி, இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்திருந்தான். பிரேக் மட்டும் பிடிக்காது. "பிரேக்க மொதல்ல பாருப்பா" என்று நான் சொல்லாத நாள் இல்லை.

எனக்குப் பிடிக்காத வண்டி ஒன்று இருந்தது. பச்சை நிறச் சீமை வண்டி. சின்ன காஞ்சிபுரத்துக்காரர் ஒருவருடையது. பாலுசெட்டி சத்திரத்துப் பக்கம் ஒரு அரிசி மில்லில் தலைமைக் குமாஸ்தா. அந்த வண்டிக்குப் பூட்டு ஒன்றுக்கு இரண்டு. சீட்டுக்கு வெல்வெட்டு உறை, அதன் மேல் இன்னொரு துணி உறை. நான் வண்டியை நகர்த்தினேனா என்று கண்டுபிடிக்க, சக்கரம் நிற்கிற இடத்தில் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் குனிந்து கோட்டைப் பார்ப்பார். "ஒரு விரக்கட தள்ளியிருக்குதேம்மா" என்பார். அந்தக் கேரியரில் அவர் சம்சாரத்தைக்கூட ஏற்றியதில்லை என்று ஊரில் சொல்வார்கள். கருமி, பயந்தாங்கொள்ளி என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

பிடித்த வண்டி ஒன்றும் இருந்தது. மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வரும் விவசாயி ஒருவருடைய ரெட்டை பார் வண்டி. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. உர மூட்டை, புண்ணாக்கு, மோட்டார் சாமான் எதை ஏற்றினாலும் அந்த வண்டி முனகாது. வாங்கி இருபது வருஷம் ஆகியும் ஒரு இடத்தில் துரு கிடையாது. ஒரு ஐப்பசி மழையில் என் கொட்டகை ஒழுகியபோது, நான் கேட்காமலே மறுநாள் அதே வண்டியில் வைக்கோல் கட்டு ஏற்றி வந்து, ஆளையும் விட்டுக் கூரையை அடைத்துக் கொடுத்தார். "பொம்பள ஒண்டியா கஷ்டப்படுற, இருக்கட்டும்" என்றார். வண்டி எப்படியோ ஆளும் அப்படி என்று வீட்டில் என் கணவரிடம் சொன்னேன்.

அந்த விவசாயியின் கிராமத்திலிருந்துதான் வாத்தியாரும் வந்தார்.

வாத்தியாருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. வாலாஜாபாத் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். காலையில் வண்டியை என்னிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவார். சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் திரும்புவார். கறுப்பு நிறப் புது வண்டி. அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வண்டியில் இரண்டு விஷயம் எனக்குப் புரியவில்லை. ஒன்று, வரும்போது பெல்லுக்கு மூடி இருக்காது. சட்டைப் பையிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வைத்து மாட்டுவார். சாயங்காலம் கிளம்பும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். இரண்டாவது, சீட்டின் பின்விளிம்பு மட்டும் தேய்ந்து பளபளவென்றிருந்தது. உட்கார்ந்து தேய்ந்தால் நடுவில் தேயும். பின்விளிம்பு தேய்வது கை பட்டு. ஒரு கையில் ஹேண்டிலும் ஒரு கையில் சீட்டுமாகத் தள்ளிக்கொண்டு நடப்பவர்களின் வண்டியில்தான் அப்படி ஆகும்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏன் தம்பி, புது வண்டி வாங்கிட்டுத் தள்ளிக்கினே வர்றியா?"

வில்லையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பிறகு சொன்னார். "எங்க காலனியில இருந்து ரோட்டுக்கு வரணும்னா ஊர்த் தெரு வழியாத்தான்கா வரணும். அங்க ஏறிக்கினு வரக் கூடாது. ஏரிக்கர முடியிற வரைக்கும் தள்ளிக்கினுதான் வரணும். பெல்லும் அதான். இருந்தா அடிப்பேன்னு நெனைக்கிறாங்க."

"நீ வாத்தியாருப்பா."

"அது இங்கக்கா."

இதெல்லாம் தெரியாதவள் இல்லை நான். தெரிந்தும் கேட்காமல் இருந்து பழகியவள். அன்றைக்கு ரெட்டை பார் வண்டிக்காரர் வந்து வண்டியை நிறுத்தியபோது, இவர் அந்தத் தெருவில்தானே இருப்பார், இவருக்கு இது தெரியாமலா இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை மேலே போக விடாமல் நானே நிறுத்திக்கொண்டேன். கூரையை அடைத்துக் கொடுத்த மனுஷன்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை, வழக்கமான நேரத்துக்கு முக்கால் மணி கழித்து வாத்தியார் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கேரியரில் ஒரு பழைய புடவையை நாலாக மடித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். புடவை ஈரமாக இருந்தது.

"தங்கச்சிக்கு வலி வந்துட்டுதுக்கா. ஆஸ்பத்திரியில சேத்துட்டு ஓடியாறேன். அம்மா கூட இருக்குது."

"அப்ப இன்னிக்கு ஏன் ஸ்கூலுக்குப் போற?"

"இன்ஸ்பெக்டர் வர்றாரு. வேலையில சேந்து ஆறு மாசந்தான் ஆவுது. சாயங்காலம் எறங்கி நேரா ஆஸ்பத்திரிக்குப் போவணும், வண்டி ரெடியா இருக்கட்டும்."

வில்லையைக் கொடுத்தேன். வாங்கியவர் நகரவில்லை.

"இன்னிக்கு எறங்கலக்கா" என்றார்.

"எங்க?"

"ஊருக்குள்ள. அவ பின்னால உக்காந்துக்கினு துடிக்கிறா. தள்ளிக்கினு வந்தா எந்நேரத்துக்குப் போய்ச் சேர்றது? ஏறியே வந்துட்டேன். கோயிலாண்ட ஒரு மாட்டு வண்டி குறுக்க நின்னுக்கினு இருந்துது. பெல் அடிச்சேன்."

அவர் முகத்தில் பயம் மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. கொஞ்சம் ஆச்சரியமும் இருந்தது, தான் செய்ததைத் தானே இப்போதுதான் கேட்டதைப் போல. பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப் போய் ஏறிக்கொண்டார். அன்று பெல் மூடி வரும்போதே வண்டியில் மாட்டியிருந்தது. புடவையும் கேரியரிலேயே இருந்தது. வண்டியை நான்தான் நடு வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு மூன்று பேர் வந்தார்கள். ரெட்டை பார் வண்டிக்காரர் முன்னால் வந்தார். கூட வந்த இரண்டு பேரும் நான் பார்க்காதவர்கள், முப்பது வயதுக்காரர்கள், ஒருவன் கழுத்தில் சிவப்புத் துண்டு. மூன்று வண்டியும் என் முன்னால் வரிசையாக நின்றன. மூன்று வில்லை கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். பஸ் பக்கம் போகவில்லை.

"எம்மா, எங்க காலனிப் பையன் ஒருத்தன் இங்கதான வண்டி உடறான்? வாத்தியார் வேலைக்குப் போறவன்" என்றார் பெரியவர். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"நெறைய பேரு உடறாங்க ஐயா. யாரு எந்த ஊருன்னு நான் கேக்கறதில்ல."

"கருப்பு வண்டி, புதுசு. அத எடுத்துக் குடு. நாங்க கொண்டுபோறோம்."

"வில்லை இருக்குதா?"

சிவப்புத் துண்டுக்காரன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. "வில்ல அவன்கிட்ட இருக்கும். நாங்க அவனை ஒண்ணும் பண்ணப் போறதில்ல. வண்டிய மட்டும் ஊர்ல கொண்டுபோய் வைக்கணும். அவன் வந்து, ஊரு முன்னால நின்னு, கேட்டு வாங்கிக்கினு போவட்டும். அவ்வளவுதான் விஷயம். உனக்கு இதுல ஒண்ணும் இல்ல."

"வில்லை இல்லாம குடுத்தா நாளைக்கு ஒருத்தரும் என்னை நம்பி வண்டி உட மாட்டாங்க ஐயா" என்றேன். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"நாங்களே பாத்துக்குறோம்" என்று சிவப்புத் துண்டுக்காரன் உள்ளே போனான். மற்றவனும் பின்னால் போனான்.

முதல் வரிசையின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அன்று கறுப்பு வண்டிகள் மட்டும் ஐம்பதுக்குக் குறையாது. புதிது என்று பார்த்தால் ஏழெட்டு இருந்தன. "இதுவா?" என்றான் ஒருவன். "இதுவாட்டந்தான் இருக்கும்" என்றான் மற்றவன். "அண்ணே, இது பாருங்க." பெரியவர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. தினமும் காலையிலும் சாயங்காலமும் அவர் வீட்டு வாசலைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போன வண்டி அது. ஒரு நாளாவது அதை உற்றுப் பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும். எனக்கு அந்தக் கொட்டகையில் எந்த வண்டி யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். அதனாலேயே எனக்குப் பயம். என் கண் அந்த நடு வரிசைப் பக்கம் போய்விட்டால் அவர்கள் அதைப் பின்தொடர்ந்துவிடுவார்கள். பஸ் போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கேரியரில் கட்டியிருந்த புடவை நினைவுக்கு வந்தது. பிரசவத்துக்குப் போகிறவளை உட்கார வைத்துக் கூட்டி வந்த துணி. வெக்கையில் பாதி காய்ந்து கறை தெரிய ஆரம்பித்திருக்கும். அதைப் பார்த்தால் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

அவர்கள் இன்னும் முதல் வரிசையை முடிக்கவில்லை. நான் எழுந்தேன். வண்டி துடைக்கிற பழந்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, தினமும் செய்கிற வேலையைச் செய்கிறவள் போல இரண்டாவது வரிசையின் கடைசியிலிருந்து சீட்டுகளைத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வாத்தியாருடையது. முதுகை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, விரல் வழுக்கியது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. புடவையை உருவிப் பழந்துணியோடு சேர்த்துச் சுருட்டி, அதையே கையில் வைத்துக்கொண்டு அடுத்த வண்டியைத் துடைத்தேன். அதற்கடுத்ததையும் துடைத்தேன். கறை பட்ட பக்கம் என் உள்ளங்கைக்குள் இருந்தது.

அவர்கள் அந்த வண்டியைத் தாண்டிப் போனார்கள். சிவப்புத் துண்டுக்காரன் அதன் பெல்லை ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

எல்லாம் பார்த்து முடிந்ததும் பெரியவர் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "சரி, வரட்டும். அஞ்சரை பஸ்சுலதான வருவான்? வில்லய நீட்டும்போது எந்த வண்டின்னு தெரிஞ்சிடும்" என்றார்.

அந்த வழியை நான் யோசிக்கவே இல்லை. மணி மூன்றேமுக்கால். ஸ்டாண்டை விட்டு நான் போக முடியாது. போனால் சந்தேகம் வரும், திரும்பி வருவதற்குள் வண்டியும் இருக்காது. வில்லை கொடுத்து வண்டி எடுக்க வந்தவர்களில் யாரிடமாவது சொல்லலாம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மணி கோத்த வண்டிக்காரப் பிள்ளை வந்தான். பெரியவரைப் பார்த்து "வணக்கம் மாமா" என்றான். இவனுக்கும் அதே ஊர்ச் சம்பந்தம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வண்டியைக் கொடுத்து அனுப்பினேன். ஸ்டாண்டில் ஓசியில் வண்டி விடுகிற போலீஸ்காரர் வந்தார். அவர் பெரியவரோடு வெற்றிலை போட்டுக்கொண்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

"உன் ஊட்டுக்காரனுக்கு இப்ப எப்படி இருக்குது?" என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

"சுவரப் புடிச்சிக்கினு நடக்கிறாரு."

"பாத்துக்கோ. அடுத்த வருஷம் குத்தகை ஏலம் வருது. எங்க ஆளுங்க இருக்காங்க கமிட்டியில. உனக்கே கெடைக்கிற மாதிரி சொல்லலாம்." கொஞ்சம் நிறுத்தி, "கூரைக்கு வைக்கோல் போட்டமே, தாங்குதா?" என்றார்.

மிரட்டினாரா, அக்கறையாகக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே குரலில்தான் வந்தது. எனக்குள் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள்: வண்டியைக் காட்டிவிடு, வண்டிதானே, ஆளை ஒன்றும் செய்ய மாட்டேன் என்கிறாரே. உண்மையைச் சொல்வதானால், நாலரை மணிவாக்கில் காட்டிவிடும் முடிவுக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டேன். வாயைத் திறந்தேன். ஆனால் வேறு ஒன்று வந்தது.

"ஐயா, ஒரு பொண்ணுக்கு வலி வந்தா எறங்கித் தள்ளிக்கினா போவாங்க?"

யாரைப் பற்றி என்று எனக்குத் தெரியும் என்பதை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 

"எறங்கி, என்கிட்ட வந்து, இந்த மாதிரி ஐயான்னு சொல்லியிருந்தா, என் வண்டியிலயே மாடு பூட்டி அனுப்பியிருப்பேம்மா" என்றார். "நாங்க என்ன மனுஷங்க இல்லியா?"

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அனுப்பியிருப்பார். அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

ஐந்து மணிக்குப் பச்சைச் சீமை வண்டிக்காரர் வந்தார். சொல்லி அனுப்ப அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. அவர் வீட்டுக்குப் போகிற வழியில்தான் ரங்கசாமி குளம் நிறுத்தம் இருக்கிறது. வாலாஜாபாத் பஸ் அங்கே நின்றுதான் பஸ் நிலையத்துக்கு வரும். ஆனால் இவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் கேட்பாரா? போன மாதம்தான், தன் வண்டிக்குப் பக்கத்தில் யார் வண்டியையும் ஒட்டி நிறுத்தக் கூடாது என்று என்னிடம் சண்டை போட்டிருந்தார்.

அவர் வில்லையை நீட்டினார். நான் சத்தமாகச் சொன்னேன், "சார், கோவிச்சிக்காதீங்க. உங்க வண்டி பின் மட்கார்டுல ஒரு கீறல் விழுந்திருக்குது."

"என்னது?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஓடாத குறையாக மூலைக்குப் போனார். நானும் போனேன். பெஞ்சிலிருந்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குந்தி உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எங்க? எங்கம்மா?" என்று தடவினார். நானும் பக்கத்தில் குந்தினேன். கையால் மட்கார்டைக் காட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"கீறல் இல்ல சார். அங்க உக்காந்திருக்கறவங்க வாலாஜாபாத் பஸ்சுல வர்ற வாத்தியாரப் புடிக்க நிக்கிறாங்க. ஊர்த் தெருவுல வண்டி ஏறி வந்துட்டாராம். தங்கச்சி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடக்குது. ரங்கசாமி குளத்தாண்ட அவரை எறக்கிடுங்க சார். இங்க வர வேணாம்னு சொல்லுங்க. ஒல்லியா, வெள்ள சட்ட, தோள்ல காக்கிப் பை."

அவர் தடவுவதை நிறுத்தவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நெற்றியில் வியர்வை மட்டும் துளிர்த்தது. எழுந்தார். "இனிமே இங்க வண்டியே உட மாட்டேன்! பொறுப்பில்லாத ஸ்டாண்டு!" என்று கத்தினார். இரண்டு பூட்டையும் திறந்து, துணி உறையை மடித்துப் பையில் வைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு பெரியவரைத் தாண்டிப் போய்விட்டார். அவர் போட்ட சத்தம் நடிப்பா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. பயந்து வீட்டுக்குத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன்.

ஐந்தரை பஸ் பத்து நிமிஷம் தாமதமாக வந்தது. மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்துவிட்டேன். பஸ்ஸிலிருந்து கூடைக்காரிகள் இறங்கினார்கள், சின்னக் குழந்தையோடு ஒரு குடும்பம் இறங்கியது, இரண்டு கிழவர்கள். ஒவ்வொரு வெள்ளைச் சட்டை படியில் தெரியும்போதும் தோளில் காக்கிப் பை இருக்கிறதா என்று பார்த்தேன். கடைசியில் கண்டக்டர் இறங்கி, பின்னால் போய் டீ குடிக்க நின்றார்.

வாத்தியார் வரவில்லை.

இன்னும் இரண்டு பஸ் பார்த்தார்கள். பொழுது சாய்கிற நேரம் சிவப்புத் துண்டுக்காரன், "இவதான் ஏதோ பண்ணிட்டா அண்ணே" என்றான். கொட்டகை மூங்கிலை ஒரு உதை விட்டான். வரிசையில் ஒரு வண்டி சாய்ந்து, அது அடுத்ததில் விழுந்து, பத்துப் பன்னிரண்டு வண்டி ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்தன. பெரியவர் அவனை அதட்டவில்லை. வில்லையை என்னிடம் நீட்டினார். அவர் வண்டியையும் மற்ற இரண்டு பேர் வண்டியையும் எடுத்துக் கொடுத்தேன்.

"உன்ன நல்ல பொம்பளன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான். ஏறிப் போய்விட்டார்.

விழுந்த வண்டிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தேன். வாத்தியார் வண்டியும் அவற்றில் ஒன்று. பெடல் வளைந்திருந்தது.

அன்று நடந்ததை வாத்தியார் வாய் வழியாகத்தான் முழுதும் கேட்டேன். மூன்றாம் நாள் அவர் தன் அம்மாவோடு வந்தார். ரங்கசாமி குளத்தில் பஸ் நின்றதும், பச்சை வண்டிக்காரர் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறார். "வாத்தியார் யாருய்யா, எறங்குய்யா" என்று கத்தியிருக்கிறார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, நடந்து போனால் யாராவது பார்ப்பார்கள் என்று, தன் கேரியரில் உட்கார வைத்துச் சந்துகள் வழியாகவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"வழியெல்லாம் திட்டிக்கினே வந்தாருக்கா" என்றார் வாத்தியார். "கால ஆட்டாத, கம்பி வளஞ்சிடும்னாரு. உன்னால எனக்கு எதுக்கு இந்த வம்புன்னாரு. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிட்டு நிக்காமயே போயிட்டாரு."

தங்கைக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். ஆனால் அது மட்டும் இல்லை சேதி. வண்டி கிடைக்காததால் ஊர்க்காரர்கள் வாத்தியாரின் அப்பாவைக் கூட்டிப்போய்க் கோயில் முன்னால் நிற்க வைத்திருக்கிறார்கள். மகனுக்குப் பதிலாக அவர் விழுந்து கும்பிட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது வாத்தியார் என்னைப் பார்க்கவில்லை. வளைந்த பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மாதான் பேசினாள்.

"வண்டியக் குடுத்திருந்தா இவன் விழுந்திருப்பான். இவன் விழுந்திருந்தா அப்புறம் ஸ்கூல்ல போய் நின்னு எப்படிப் பாடம் சொல்லுவான்? அவரு வயசானவரு. எனக்கு அதுவே தேவலன்னு பட்டுது" என்றாள். பிறகு, "தேவலன்னு சொல்லக் கூடாது. இருந்தாலும்" என்றாள்.

நான் செய்தது சரிதானா என்று கேட்க நினைத்தேன். துவைத்து மடித்து வைத்திருந்த புடவையை எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு என் கையை ஒரு தரம் அழுத்தினாள்.

வாத்தியார் ஊருக்குத் திரும்பவில்லை. எங்கள் தெருப் பக்கம் வீடு கேட்டு அலைந்தார், கிடைக்கவில்லை. எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்ட பிறகு வாடகை விட யாருக்கும் இடம் இருக்கவில்லை. கடைசியில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் அறை கொடுத்தது. அடுத்த வருஷம் திண்டிவனம் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பச்சைச் சீமை வண்டிக்காரர் சொன்ன மாதிரியே கொஞ்ச நாள் என் ஸ்டாண்டுக்கு வரவில்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தார். இருபது நாள் கழித்து ஒரு காலையில் வந்து, பழைய மூலையில் வண்டியை நிறுத்தி, குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். நான் பக்கத்தில் போய், "சார், அன்னிக்கு நீங்க" என்று ஆரம்பித்தேன். "எந்த அன்னிக்கு? எனக்கு ஒண்ணும் தெரியாது. வண்டிய நகத்தாத" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதன் பிறகு நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு முழம் இடம் விட்டே மற்ற வண்டிகளை நிறுத்தினேன்.

குத்தகை ஏலத்தின்போது எனக்கு யாரும் குறுக்கே வரவில்லை. அது பெரியவர் செய்ததா, செய்யாமல் விட்டதா, தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேல் அவர் கண்ணில் படவில்லை. பிறகு ஒரு மார்கழி மாதம் ரெட்டை பார் வண்டியோடு என் முன்னால் வந்து நின்றார். மெலிந்திருந்தார். வில்லையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வண்டியை வாங்கி, வெயில் படாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கேட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "சோறு போடு, ஆறிப்போவுது" என்றார்.